மடுவத்துத் தராசும் அம்பிகை அக்காவின் பாரமும்

இன்று கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் பாலாம்பிகை அக்காவைச் சந்தித்தேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல்கூட உட்கார்ந்து இதை அடிக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் இதே மாதிரி எழுத வராது.

போனது உருளைக்கிழங்கு வாங்கத்தான். லொறியிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கடைக்கார அக்கா ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒரு மூட்டையைத் தூக்க வந்தார். மற்றவர்கள் மாதிரி முதுகை வளைத்துக் குனியவில்லை. இடுப்பை இறக்கி, நெஞ்சை நிமிர்த்தி, மூட்டையின் இரண்டு காதுகளையும் பிடித்தார். பிடிக்கும்போது கட்டைவிரலை உள்ளே மடித்து மற்ற விரல்களால் அதன்மேல் பூட்டிக்கொண்டார். நானும் கண்டியில் ஒரு ஜிம்மில் மூன்று வருடமாகப் பாரம் தூக்குகிறவன். அந்தப் பிடி யாருக்கும் தானாக வராது. முதல் ஆறு மாதம் விரல் கதறும். கம்பியோடு வருடக்கணக்கில் கிடந்தவர்களுக்குத்தான் அது வரும்.

"அக்கா, நீங்க பாரம் தூக்குற ஆளா?"

"தூக்குறேனே. லொறி வந்திருக்கு, பாக்கலையா?"

"மூட்டை இல்லக்கா. கம்பி."

அவர் மூட்டையை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு சொன்னது ஒங்களுக்கு?"

"யாரும் சொல்லல. ஒங்க கட்டைவிரலப் பாத்தேன்."

தன் கட்டைவிரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, "கெழங்கு வாங்குறதுன்னா வாங்குங்க தம்பி. கத கேக்குறதுன்னா அந்தப் பொட்டி மேல ஒக்காருங்க. வழிய மறிச்சிக்கிட்டு நிக்காதீங்க" என்றார்.

பெட்டி மேல் உட்கார்ந்தேன். ஆட்கள் வரும்போது எழுந்து போய் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து சொன்னார். மதியம் தாண்டிவிட்டது.

அக்கா பிறந்தது ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தின் பேரைப் போட வேண்டாம் என்றார். அம்மா வேலாயி கொழுந்து எடுக்கிறவர். அப்பா இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் அக்கா குண்டு எறிவார். 1996இல், பதினேழு வயதில், கண்டியில் நடந்த விளையாட்டுப் போட்டிக்கு வந்தபோது செல்லச்சாமி சேர் என்ற பாரம் தூக்கும் பயிற்சியாளர் இவரைக் கூப்பிட்டாராம்.

"ஒனக்கு காலு இருக்கு. மத்ததெல்லாம் செஞ்சிக்கலாம். ஆனா ஏழெட்டு வருஷம் ஆகும். அவசரம்னா இப்பவே போயிரு."

அவசரமில்லை என்றிருக்கிறார் அக்கா. அடுத்த சில மாதங்கள் ஞாயிறுகளில் பஸ் பிடித்துக் கண்டிக்கு வந்து கற்றுக்கொண்டார். தரையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தலைக்கு மேலே. செல்லச்சாமி சேருக்கு இடமாற்றம் வந்து வேறு மாகாணத்துக்குப் போகும்போது ஒரே ஒரு இலக்கு வைத்துவிட்டுப் போனார். அக்காவின் உடல் எடைக்கு, எண்பது கிலோவைத் தலைக்கு மேலே நிறுத்தினால் கொழும்புத் தேர்வுக்குப் போகலாம். "எம்பது தூக்காம அங்க போயி நிக்காத. ஒருக்கா தூக்கிட்டா எவன் தடுத்தாலும் போ."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்காவுக்குக் கோச் இல்லை, ஜிம் இல்லை. எண்பது என்ற எண் மட்டும் இருந்தது.

கம்பிக்குப் பழைய தண்ணீர்க் குழாய். பாரத்துக்குச் சீமெந்து. உடைந்த பேசினில் சீமெந்தும் சல்லியும் ஊற்றி, நடுவில் ஓட்டைக்கு ஒரு துண்டு வாழைத்தண்டைக் குத்திவைப்பாராம். காய்ந்ததும் தண்டு சுருங்கித் தானாகக் கழன்று வந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எண்ணைக் கீறிவிடுவார். பத்து. ஐந்து. இரண்டு. எல்லாம் சரியான நிறையில் இருக்க வேண்டும் அல்லவா? அதற்குத் தோட்டத்தில் இருந்த ஒரே தராசு மடுவத்தில் இருந்தது. மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை.

இங்கே கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

கொழுந்து நிறுக்கும்போது கழிவு உண்டு. அது எல்லோருக்கும் தெரியும். தராசு முள் ஒன்றைக் காட்டும், கணக்கப்பிள்ளை வாய்விட்டுச் சொல்லியே குறைப்பார்: "சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு ஒண்ணு." பெண்கள் தினமும் அதற்குச் சண்டை போடுவார்கள். மழை இல்லாத நாளில் என்ன தண்ணி, சாக்கு என்ன இரும்பா என்று. சண்டையெல்லாம் அந்த வாயோடுதான். முள்ளோடு யாரும் சண்டை போட்டதில்லை. முள் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்க நம்பியது.

அதனால் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் சீமெந்து வட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கணக்கப்பிள்ளை ராஜலிங்கத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாராம். "ஐயா, இதுக்குச் சாக்கும் இல்ல, தண்ணியும் இல்ல. கழிச்சிராதீங்க."

"கல்லு கொண்டாந்து நிறுக்கிற மொத ஆளு நீதான் புள்ள" என்று சிரித்துக்கொண்டே ராஜலிங்கம் நிறுத்துக் கொடுப்பார். பத்துக்கு வரவில்லை என்றால் அக்கா வட்டின் மேலே இன்னும் ஒரு கரண்டி சீமெந்தைப் பூசிக்கொண்டு மறுபடி போவார். முள் சரியாகப் பத்தில் நிற்கும் வரை பூசுவார்.

அப்புறம் வருடங்கள். இதை வாசிக்கிற ஜிம் பிள்ளைகளே, நாம் மூன்று மாதத்தில் கை பெருக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறோமே! அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுத் தானும் கொழுந்துக்குப் போனவர். மலையில் பகல் முழுக்க முதுகில் கூடை. சாயங்காலம் பீலியில், மலைத் தண்ணீர் விழுகிற குழாயடியில், முகம் கழுவிவிட்டு, கிழமைக்கு மூன்று தடவை, பீலிக்குப் பக்கத்து மண் தரையில் கம்பி. செல்லச்சாமி சேர் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு பாரம் ஐந்து தடவை அசையாமல் மேலே நின்றால்தான் அடுத்தது. அதுவும் கிலோக் கணக்கில் இல்லை. சின்னத் துணிப்பையில் மணல் கட்டி, அரைக் கிலோ. எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்றை அவர் விடவே இல்லை. நான்கு கிழமைக்கு ஒரு கிழமை பாரத்தைக் குறைத்துவிடுவார். கொழுந்து அதிகமாக வருகிற காலத்தில் அந்த இலேசான கிழமையை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்.

"தூக்கும்போது பெலன் வராது தம்பி. தூக்கிட்டுப் படுப்போம்ல, அப்பத்தான் வரும். அத செல்லச்சாமி சேர் சொல்லும்போது நான் நம்பல. ரெண்டு வருஷத்துல நம்பிட்டேன்."

லயத்தில் சும்மா விடுவார்களா? பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், இருந்த பாலம்மா தினமும் ஒன்று சொல்வாராம். "ஏய் வேலாயி, ஒம் மவ ஒரு நாளைக்கு லயத்தத் தூக்கிக்கிட்டுப் போயிருவா, நாமெல்லாம் மழையில நிக்கப்போறோம்." வேலாயி அம்மா விடமாட்டார். "தூக்கிக்கிட்டுப் போனா ஒங் காம்பராவ மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்றேன்." கோழி முட்டையை விற்காமல் மகளுக்கு வைத்தவர் அவர்.

நாற்பது போய், ஐம்பது போய், அறுபது போய், எழுபது வந்தது. ஆறு வருடம் ஆகிவிட்டது. எழுபத்தி மூன்று. அதற்கு மேல் மணல் பை மணல் பையாக ஏறி எழுபத்தைந்து. அங்கே நின்றுவிட்டது. ஒரு வருடம் முழுக்க எழுபத்தைந்து. எழுபத்தைந்தரை போட்டால் தோளோடு நின்றுவிடும்.

"ஒடம்பு அவ்ளோதான்னு நெனச்சேன். எனக்குன்னு அளந்து குடுத்தது தீந்துருச்சுன்னு."

அதற்குள் கல்யாணப் பேச்சு. மஹய்யாவில் மாநகர சபை வேலை செய்கிற வீரய்யா வீட்டிலிருந்து கேட்டு வந்தார்கள். வேலாயி அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். கெடு, அந்த வருடம் கொழும்புத் தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. "எம்பது தூக்கு. தூக்கினா நானே கொழும்புக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன், மாப்பிள்ள வீட்டுக்கு நானே பதில் சொல்லிக்கிறேன். தூக்கலைன்னா, இத்தோட இத விட்டுறணும்." அக்கா சரி என்றார். நியாயமான பேச்சுதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயமே பீலிப் பக்கம் வந்து நின்றதாம். பாலம்மாகூடப் பகிடியை விட்டுவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு. எண்பது போட்டார்கள். தோளுக்கு வந்தது! யாரும் நம்பவில்லை, ஆனால் வந்தது. ஒரு மூச்சு எடுத்தார். மேலே தள்ளினார். நெற்றி வரை போனது, முழங்கை பூட்டவில்லை. விழுந்தது. ஒரு வட்டு பிளந்தது. அதைத் துணியால் இறுக்கிக் கட்டி இன்னொரு தடவை முயற்சி செய்தார். அப்போதுதான் இடது தோளில் ஏதோ கிழிந்தது.

"கூட்டம் ஒண்ணும் சொல்லல தம்பி. அதுதான். யாராவது சிரிச்சிருந்தாக்கூட நல்லா இருந்துருக்கும்."

வேலாயி அம்மா வந்து தோளில் துண்டைப் போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் கல்யாணம்.

வீரய்யா நல்ல மனிதர். அக்கா புகுந்த வீட்டுக்கு நகையோடு அந்தச் சீமெந்து வட்டுகளையும் கொண்டுபோனபோது அவர் சொன்னது: "பொண்ணு கேட்டோம், ரோட்டு வேல சாமானையும் சேத்து அனுப்பியிருக்காங்க." வீட்டுக்குப் பின்னால் அடுக்கிவைத்தார். பிள்ளைகள் பிறந்தார்கள். அக்கா கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் இந்தக் கடையைப் போட்டார். மொத்தமாக வாங்குகிறவர்களுக்குப் பூசணி, கிழங்கு நிறுக்க, பெரிய தட்டுத் தராசில் படிக்கல்லுக்குப் பதிலாக அந்த வட்டுகளில் ஒன்றை வைத்துக்கொண்டார். 'பத்து' என்று தான் ஆணியால் கீறிய வட்டு. அதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மடுவத்தில் நிறுத்ததல்லவா!

நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு நாள் நிறுவை பரிசோதிக்கிற அதிகாரிகள் சந்தைக்கு வந்தார்கள். கடைக் கடையாகப் படிக்கல்லை வாங்கி நிறுத்துப் பார்த்தார்கள். அக்காவின் வட்டை எடுத்தபோது சுற்றி ஒரே சிரிப்பு. சிங்கள அதிகாரி ஒருவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "அக்கா, இது என்ன, வீடு கட்டுறதா?" தன் தராசில் வைத்தார். பார்த்தார். எடுத்துத் திரும்ப வைத்தார்.

"அக்கா, மத்த ஆள் எல்லாம் படி குறைச்சு வைக்கிறது. உங்கட பத்து பதினொன்று இருக்கு. நீங்க ஆளுங்களுக்கு சும்மா கொடுக்கிறது தானே!"

சந்தையே சிரித்தது. பக்கத்துக் கடைக்காரர், "அதான் அம்பிகைகிட்ட மட்டும் சனம் குமியுது" என்றார். அக்காவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை.

"சேர், ஒங்க தராசு சரியா?"

"கவர்ன்மென்ட் தராசு அக்கா. சீல் இருக்கு, பாருங்க."

சீமெந்துக் கல் பாவிக்கக்கூடாது, இரும்பு வாங்கிவையுங்கள் என்று எச்சரித்துவிட்டு அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். அக்கா கடையைச் சாத்தினார். நடு வியாபாரத்தில் கடையைச் சாத்தினது அன்றுதான் முதல் தடவையாம். திரீவீல் பிடித்து மஹய்யாவுக்குப் போய், வீட்டுக்குப் பின்னால் இருந்த வட்டு, குழாய், மணல் பை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திரும்ப வந்தார். பாலத்துக்குக் கிட்ட பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஹபீல் நானாவிடம் பெரிய தராசு உண்டு.

"என்ன அம்பிகை, சீமெந்த இரும்பு வெலைக்கி எடுக்கச் சொல்றியா?"

"நிறுத்து மட்டும் சொல்லுங்க நானா."

எழுபத்தைந்து என்று தான் தூக்கியதை அக்கா அப்படியே அடுக்கினார். எந்த வட்டு, எந்தப் பை என்று கை மறக்கவில்லை. பிளந்துபோன வட்டு மட்டும் அதில் இல்லை, அது எண்பதுக்காகச் சேர்த்தது. தராசு எண்பத்திரண்டரை காட்டியது.

"நானா, இன்னொருக்கா."

"எத்தின தரம் வெச்சாலும் அதுதான் மகள் இரிக்கி. என்னத்துக்கு இப்ப அழுவுற?"

எழுபத்தி மூன்று என்று நினைத்துத் தூக்கிய அன்றே அக்கா எண்பதைத் தாண்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக, கிழமைக்கு மூன்று தடவை, எண்பதுக்கு மேலே ஐந்தைந்து தடவை தூக்கிக்கொண்டே, 'என் உடம்பு அவ்வளவுதான்' என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். கடைசி ஞாயிற்றுக்கிழமை லயமே பார்க்கத் தோற்றது எண்பதிடம் இல்லை. எண்பத்தெட்டிடம். அன்றைக்கு அந்த எண்பத்தெட்டைத் தோளில் ஏந்தி நின்ற பெண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சேலை எடுக்கப் பேசியிருக்கிறார்கள்.

மடுவத்துக் கழிவு வாயில் மட்டும் இல்லை. முள்ளிலேயே இருந்திருக்கிறது. பத்துக்கு ஒன்று.

வேலாயி அம்மா அப்போது மகளோடு மஹய்யாவில்தான் இருந்தார், இப்போதும் அங்கேதான். அன்று குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் அக்கா போய்ச் சொன்னார். "அம்மா, நான் தூக்கியிருக்கேம்மா. எம்பத தூக்கியிருக்கேன். மடுவத்துத் தராசு கொறச்சிக் காட்டியிருக்கு."

அம்மாவுக்கு முதலில் சந்தோஷம்தான். "பாத்தியா! நான் அன்னைக்கே சொல்லல? என் முட்ட வீணாப் போகுமா?" என்று அக்காவின் கன்னத்தைப் பிடித்தார். கீரையைத் திரும்பக் கையில் எடுத்தார். ஆயவில்லை. அதைப் பிடித்தபடியே கேட்டார்:

"அப்ப, எங் கொழுந்து?"

வாழ்நாள் முழுக்க அந்த முள்ளுக்குக் கீழே கூடையை வைத்த மனுஷி. சாக்குக்கு ரெண்டு, தண்ணிக்கு ஒண்ணு என்று சொன்ன வாயோடுதான் சண்டை போட்டாரே தவிர, அதற்கு முதலே முள் எடுத்துக்கொண்டதை அறியாமல் இருந்திருக்கிறார். மகள் ஒரு தேர்வைத்தான் இழந்தார்.

"இல்ல தம்பி, அப்பிடிச் சொல்லாதீங்க" என்றார் அக்கா, நான் இதைச் சொன்னபோது. "அம்மாவுக்கு ரெண்டும் போச்சு. கொழுந்தும் போச்சு. என்னய அந்த ஞாயித்துக்கெழம உள்ள கூட்டிக்கிட்டுப் போனதும் அவங்கதானே. அத நெனச்சித்தான் படுக்குறாங்க."

ஒரு நாள் காலை அம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஹுன்னஸ்கிரியவுக்குப் போய்விட்டார். தோட்டத்துக்கு ஏறிப் போய் மடுவத்தில் நின்றிருக்கிறார். பழைய தராசு இல்லை. பட்டரி போட்ட புதுத் தராசு தொங்குகிறது. ராஜலிங்கம் செத்துப் பல வருடம். அவருக்குத் தெரிந்து நிறுத்தாரா, தெரியாமல் நிறுத்தாரா என்று கேட்க முடியாது. அப்போதைய தோட்டத் துரை எங்கே என்று யாருக்கும் தெரியாது. சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்து, "யாரப் புடிச்சிக் கேக்குறது?" என்றாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஆனால் வீட்டில் எதையாவது நிறுத்து வாங்கினால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அக்காவும் ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தார். வீரய்யா வற்புறுத்தி, கண்டியில் ஒரு ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போனார். உண்மையான கம்பி, உண்மையான வட்டு, ஒவ்வொன்றிலும் அச்சடித்த எண். வாழ்க்கையில் அதையெல்லாம் திரும்பத் தொட்டது செல்லச்சாமி சேருக்குப் பிறகு அன்றுதான். அறுபது தோளுக்கு வந்தது. மேலே தள்ளும்போது இடது கை காதுக்கு மேல் போகவில்லை. கிழிந்த தோள் கிழிந்ததுதான். அங்கே இருந்த பையன்கள் கை தட்டினார்களாம், ஒரு அம்மா அறுபது எடுத்ததற்கு. "அவனுங்க தட்டுனது எனக்கு இன்னும் கேவலமா இருந்துச்சு" என்றார்.

நான் விடவில்லை. வயது போனவர்களுக்கும் போட்டி இருக்கிறது, தோளுக்கு வைத்தியம் இருக்கிறது, ஒரு வருடம் மெதுவாகச் செய்தால், செல்லச்சாமி சேர் சொன்ன அதே முறையில் திரும்ப ஆரம்பித்தால் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பூசணித் துண்டில் ஈ விரட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கை மேல போனாலும் அது வேற எம்பது தம்பி. நான் தூக்குனது அங்க, பீலிகிட்ட. அதுக்குச் சாட்சி பாலம்மா மட்டும்தான், அவளும் அத எழுபத்தஞ்சின்னுதான் பாத்தா." பிறகு சொன்னார்: "தோத்துட்டேன்னு இருந்த வரைக்கும் நிம்மதியா இருந்தேன். என்னால முடியல, முடிஞ்சிருச்சு. இப்ப ராவுல முழிச்சிக்கிட்டு, நான் நிக்க வேண்டிய எடத்துல அந்த வருஷம் கொழும்புல நின்ன புள்ளைங்க யாருன்னு நெனைக்கிறேன். அவங்க மூஞ்சிகூட எனக்குத் தெரியாது."

இதை எழுதிப் போடலாமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

"போடுங்க. எம் பேரப் போடுங்க. எம்பத்திரண்டரைன்னு போடுங்க. கிராமும் இருந்துச்சு, அத விடுங்க."

போட்டுவிட்டேன். பாலாம்பிகை, எண்பத்திரண்டரைக் கிலோ. இந்த எண் எழுத்தில் வருவது இதுதான் முதல் தடவை, எந்தச் சங்கமும் இதை ஏற்றுக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும்.

தயவுசெய்து பகிருங்கள். தோட்டத்தில் வீட்டுச் சாமான்களை வைத்துப் பாரம் தூக்குகிற பிள்ளை யாரையாவது தெரிந்தால், முக்கியமாக அவர்களுக்கு அனுப்புங்கள். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போனால் சந்தையில் அம்பிகை அக்கா கடை என்று கேளுங்கள், காட்டுவார்கள். கிழங்கு நல்லது. தூக்கிக் காட்டச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.